சிறிய பெட்டியும் பெரிய ஆசைகளும்: பிளாஷ் மென்பொருளின் வரலாறு

2021 ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஒரு நாட் காலை, எங்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியை என் அலுவலக வாசலில் வந்து நின்றார். அவருடைய முகம் வாடியிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், பாடசாலை விட்ட பின்னரும் கணினி அறையிலே தங்கியிருந்து, அவர் ஒரு பாடத்தை ஆக்கியிருந்தார். மனித இதயத்தினூடே குருதி எவ்வாறு சுற்றியோடுகிறது என்பதை அசையும் படமாகக் காட்டும் பாடம் அது. நீல நிறக் குருதி வலது சோணையறைக்குள் வந்து, இதயவறைக்குள் இறங்கி, நுரையீரலுக்குச் சென்று, சிவந்து திரும்பும். சுட்டியை ஓர் அறையின் மீது கொண்டு சென்றால் அதன் பெயர் தமிழில் தோன்றும். ஆண்டுதோறும் புதிய வகுப்பொன்று அப்பாடத்தைப் பார்த்துப் பயன் பெற்று வந்தது. அன்று காலையில் அது திறக்கவில்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுப் பெட்டி ஒன்று மாத்திரம் தெரிந்தது.

“சேர், நான் ஒன்றையும் மாற்றவில்லை. போன தவணை நன்றாகத்தான் ஓடியது” என்றார் ஆசிரியை.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. பாடம் இருந்தபடியே இருந்தது. பாடத்தைத் திறந்து காட்டும் பிளாஷ் என்னும் மென்பொருளை, அதனை ஆக்கிய நிறுவனமே உலகம் முழுவதிலும் நிறுத்திவிட்டிருந்தது.

நேயர்களே, நான் கலைப் பட்டதாரி. வரலாறு படிப்பித்து வந்தவன். கணினியின் உள்ளமைப்பைப் பற்றிப் பேசுவதற்கு என்னிலும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். ஆயினும், நூறு கோடிக்கு மேற்பட்ட கணினிகளில் இடம்பெற்ற ஒரு பொருள் எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு பெருத்தது, எதனால் மறைந்தது என்று கேட்பது வரலாற்று மாணவனுக்கு இயல்பான கேள்வியே. அன்று தொடங்கிய தேடலின் பயனாக நான் அறிந்துகொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

மென்பொருள் நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு ஒரு முறையோ, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையோ தன் பொருளின் புதிய வெளியீட்டைக் கொணர்கின்றது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னர், எந்தப் புதிய வசதியைச் சேர்ப்பது, எதனை அடுத்த முறைக்குத் தள்ளுவது, எதனை ஒருபோதும் சேர்க்காது விடுவது என்று ஆய்ந்து முடிவெடுக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்போருக்கு இது சிறு காரியமாகவே தோன்றும். “நல்ல வசதி என்றால் சேர்த்துவிடலாமே” என்று கேட்கத் தோன்றும். படமும் ஒலியும் அசைவும் கூடிய மென்பொருளில் அத்தகைய ஒவ்வொரு முடிவும் பின்னர் என்ன விளைவைத் தந்தது என்பதற்குப் பிளாஷின் வரலாற்றைப் போன்ற தெளிவான சான்று வேறொன்று கிடைப்பது அரிது.

இதன் மூலகர்த்தா ஜொனதன் கே என்னும் அமெரிக்கர். சிறு வயதில் லெகோ கட்டைகளை அடுக்கி வீடும் கப்பலும் கட்டி விளையாடியவர். கட்டடக் கலைஞராக வேண்டும் என்று விரும்பியவர். வரைந்த கட்டடத்தை எழுப்பிப் பார்க்கப் பெருஞ்செல்வம் வேண்டும். கணினியிலோ வரைந்ததை உடனே இயக்கிப் பார்க்கலாம் என்று கண்டு மென்பொருள் எழுதுவதில் இறங்கினார். மக்கின்ரோஷ் கணினிக்கு அவர் எழுதிய விளையாட்டுகள் அக்காலத்திலேயே பெயர் பெற்றவை. 1993 ஆம் ஆண்டு ஜனவரியில், சார்ளி ஜாக்சன் என்பவருடன் சேர்ந்து, கலிபோர்ணியா மாநிலத்துச் சான் டியாகோ நகரில் பியூச்சர்வேவ் என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்.

அவர்களுடைய முதற் பொருள் ஸ்மார்ட்ஸ்கெச். பேனா போன்ற கோலினால் திரையில் எழுதும் கணினிகள் அப்பொழுது வரவிருந்தன. காகிதத்தில் வரைவதைக் காட்டிலும் எளிதாகத் திரையில் வரைய வேண்டும் என்பதே நோக்கம். அந்தோ! 1994 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்பேனாக் கணினித் திட்டத்தை அதன் உரிமையாளராகிய பெரிய தொலைபேசி நிறுவனம் கைவிட்டது. வாங்குவாரில்லாத மென்பொருளோடு நின்றனர் இவர்கள். வேறு வழியின்றிச் சாதாரணக் கணினிகளுக்காக அதனை மாற்றி எழுதினர். ஆனால் அங்கே வரைவதற்குப் பெரிய நிறுவனங்களின் மென்பொருள்கள் முன்னரே நிலைபெற்றிருந்தன.

1995 ஆம் ஆண்டு, கணினி வரைகலையாளர் ஆண்டுதோறும் கூடும் சிக்கிராப் மாநாட்டிலே ஸ்மார்ட்ஸ்கெச்சை இவர்கள் காட்சிக்கு வைத்தனர். பார்த்தவர்கள் பலர், “வரைந்த படத்தை அசையவும் வைத்தால் என்ன?” என்று கேட்டனர். ஒரு புதிய வசதியைப் பற்றிய கேள்விதான். ஆனால் அதனை ஏற்றால் பொருளின் தன்மையே மாறிவிடும் என்பதை அவர்கள் உணர்ந்தனர். அசையும் படங்களை ஒளிநாடாவிலும் இறுவட்டிலும் விற்பதற்கான சந்தை மிகவும் சிறியது. அதே வேளையில் இணையம் என்னும் புதுமையைப் பற்றி எங்கும் பேச்சு எழுந்திருந்தது. இணையத்தினூடே மக்கள் அசையும் படங்களை அனுப்பவும் பார்க்கவும் விரும்பக்கூடும் என்று கணித்து, அந்த வசதியைச் சேர்த்தனர். அந்த ஆண்டிலேயே தம் ஆக்கத்தை அடோபி என்னும் பெரிய நிறுவனத்துக்கு விற்கவும் முயன்றனர். அடோபிக்கு அதில் விருப்பம் ஏற்படவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து அதே அடோபி, பிளாஷை உரிமையாக வைத்திருந்த நிறுவனத்தை ஏறக்குறைய 340 கோடி டொலர் பெறுமதிக்கு வாங்கிற்று என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். வரலாறு படிப்பவர்களுக்கு இத்தகைய செய்திகளில் ஒரு தனி இன்பம் உண்டு.

1996 ஆம் ஆண்டில் பியூச்சர்ஸ்பிளாஷ் என்னும் பெயருடன் அது வெளிவந்தது. மைக்ரோசொப்ட் நிறுவனமும் டிஸ்னி நிறுவனமும் தத்தம் இணையத் தளங்களில் அதனைப் பயன்படுத்தின. அவ்வாண்டு இறுதியில் மக்ரோமீடியா என்னும் நிறுவனம் அதனை வாங்கி, பெயரைச் சுருக்கிப் பிளாஷ் என்றாக்கிற்று. அப்போது பியூச்சர்வேவில் பணியாற்றியோர் அறுவரே.

இங்கே ஒரு நுட்பத்தை விளக்க வேண்டியிருக்கின்றது. பிளாஷ் என்று நாம் ஒரு பெயரால் அழைப்பினும் அதில் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, ஓவியரும் ஆசிரியரும் படத்தை ஆக்கும் கருவி. மற்றையது, ஆக்கிய படத்தைப் பார்ப்பவருடைய கணினியில் இருந்து காட்டும் கருவி. முன்னையது விலைக்கு விற்கப்பட்டது. அது எவ்வளவு பருத்திருந்தாலும் பாதகமில்லை. பின்னையது இலவசம். உலாவியோடு பொருத்தப்படும் செருகியாக, பார்ப்பவர் ஒவ்வொருவரும் தொலைபேசிக் கம்பியினூடே அதனைத் தம் கணினிக்கு இறக்கிக்கொள்ள வேண்டும்.

அக்காலத் தொலைபேசி இணைப்பின் வேகம் எத்தகையது என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவதே கடினம். ஒரு வினாடிக்கு 28,800 பிட்டுகள் என்பது அன்று நல்ல வேகம். ஒரு பைட்டுக்கு எட்டுப் பிட்டுகள். ஆகவே வினாடிக்கு 3,600 பைட்டுகள். காட்டும் கருவி இரண்டு இலட்சம் பைட்டு அளவினதாயின் ஒரு நிமிடத்துக்குள் வந்து சேரும். பத்து இலட்சம் பைட்டாகப் பெருத்துவிட்டால் நான்கரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். பெயரறியாத ஒரு மென்பொருளுக்காக நான்கரை நிமிடம் காத்திருப்பவர் எத்தனை பேர்? இடையில் யாரேனும் தொலைபேசியை எடுத்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்!

ஆகவே, புதிய வசதி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை இருந்தது. அந்த நிறையைச் சுமந்தவர் மென்பொருளை விற்றவருமல்லர், வாங்கியவருமல்லர். எங்கேயோ இருந்து படம் பார்க்கும் மூன்றாமவர். மக்ரோமீடியாவிடம் முன்னரே ஷொக்வேவ் என்னும் மற்றொரு செருகி இருந்தது. வசதிகளில் அது பிளாஷை விடப் பன்மடங்கு உயர்ந்தது. எனினும் அது பாரமானது. குறைந்த வசதியுடைய பிளாஷே பரவிற்று. எதனை விட்டுவைத்தார்களோ அதனால் பிளாஷ் வென்றது என்று கூறுதல் மிகையாகாது.

படத்தைச் சேமிக்கும் முறையிலும் இதே சிக்கனத்தைக் காணலாம். ஒளிப்படம் என்பது புள்ளிகளால் ஆனது. நெடுக்கே 240 புள்ளியும் குறுக்கே 320 புள்ளியும் கொண்ட சிறு படத்தில் 76,800 புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் மூன்று பைட்டு என்றால், சுருக்காத நிலையில் 2,30,400 பைட்டுகள் வேண்டும். அன்றைய தொலைபேசி வழியில் அந்த ஒரு படத்துக்கே ஒரு நிமிடத்துக்கு மேலாகும். பிளாஷோ கோலம் போடுபவரைப் போன்று கணக்கிட்டது. கோலத்தைக் கற்றுக்கொடுப்பவர் மாவின் ஒவ்வொரு துகளும் எங்கே விழ வேண்டும் என்று சொல்வதில்லை. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோட்டை வளைத்து இழுக்க வேண்டும் என்று சொன்னாற் போதும். ஒரு வட்டத்துக்கு மையமும் ஆரையும் நிறமும் தெரிந்தால் எஞ்சியதைப் பார்ப்பவருடைய கணினியே வரைந்துகொள்ளும். அந்த வட்டம் திரையின் ஓரத்திலிருந்து மற்ற ஓரத்துக்கு உருள வேண்டுமாயின், தொடக்க இடமும் முடிவிடமும் தெரிந்தாற் போதும். எங்கள் ஆசிரியையின் இதயப் படமும் இவ்வாறு ஆனதே. அதன் பாரம் ஒரு நல்ல ஒளிப்படத்தின் பாரத்துக்கும் குறைவு.

1997 ஆம் ஆண்டின் வெளியீட்டில் ஒலி வந்தது. 1998 இல், ஒரு படத்தினுள்ளே தனியாக இயங்கும் சிறு படங்களை அமைக்கும் வசதியும், ஒளி ஊடுருவும் நிறங்களும் சேர்ந்தன. 1999 இல் எம்பி3 என்னும் முறையில் இசையைச் சுருக்கி அனுப்பும் வசதி இடம்பெற்றது. அவ்வாண்டிலே மற்றொன்றும் நிகழ்ந்தது. பார்ப்பவர் எழுதுவதை வாங்கிக்கொண்டு, எண்களை நினைவில் வைத்துக் கணக்கிடும் ஆற்றல் பிளாஷுக்குக் கிடைத்தது. ஓவியர்களுக்கென்று ஆக்கப்பட்ட கருவியில் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். அதன் விளைவாகவே விளையாட்டுகளும், வினாவிடைப் பயிற்சிகளும், பாடங்களும் பல்கிப் பெருகின. 2000 ஆம் ஆண்டில் அக்கணக்கிடும் பகுதிக்கு முழுமையான மொழி ஒன்று வேண்டியதாயிற்று. தமக்கென்று புதுமொழி ஒன்றைப் புனையாமல், உலாவிகளில் முன்னரே வழங்கிவந்த மொழியின் பொது நியமத்தை அவர்கள் தழுவிக்கொண்டது போற்றத்தக்கது. இலக்கணம் தெரிந்த மொழியில் எழுதுவது எவருக்கும் எளிது.

கண்டித்தோரும் இருந்தனர். அக்காலத்தில் ஓர் இணையத் தளத்துக்குச் சென்றால், வாசலிலேயே சுழலும் எழுத்துகளும் முழங்கும் இசையும் நம்மை மறித்துக்கொள்ளும். வேண்டிய செய்தியை அடைவதற்கு முன்னர் அந்தக் கூத்தைப் பார்த்துத் தீர வேண்டும். 2000 ஆம் ஆண்டு ஒக்டோபரில், இணையப் பயன்பாட்டு ஆய்வாளராகிய ஜேக்கப் நீல்சன், பிளாஷில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தீயது என்று எழுதினார். முந்திய பக்கத்துக்குத் திரும்பும் பொத்தான் பயனற்றுப் போவதையும், வாசகன் பழகிய முறைகள் குலைவதையும் அவர் எடுத்துக்காட்டினார். மக்ரோமீடியா அவரோடு வழக்காடிக்கொண்டிருக்கவில்லை. 2002 இல் அவரையே ஆலோசகராக அழைத்துக்கொண்டது. கண்டித்தவனை வீட்டுக்கு அழைக்கும் துணிவு எல்லோருக்கும் வருவதில்லை.

அந்த 2002 ஆம் ஆண்டின் வெளியீடே இவ்வரலாற்றின் நடுப்புள்ளி என்பது என் கருத்து. பிளாஷ் எம்எக்ஸ் என்று அதற்குப் பெயர். அதற்குரிய காட்டும் கருவி ஆறாம் வெளியீடு. அதில் இடம்பெற்ற வசதிகளைப் பாருங்கள். பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்களோடு ஒத்துழைக்கும் வசதி. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யுனிகோட் எழுத்துமுறை. கணினியோடு இணைத்த கமெராவையும் ஒலிவாங்கியையும் பயன்படுத்தும் வசதி. பார்ப்பவருடைய கணினியிலே சிறு குறிப்புகளை எழுதி வைத்து மறுமுறை வரும்போது நினைவுகூரும் வசதி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒளிக்காட்சி.

கோடும் வட்டமும் கொண்டு சிக்கனமாக வாழ்ந்த மென்பொருள், புள்ளிகள் நிறைந்த ஒளிக்காட்சியை ஏற்றுக்கொண்டது அதன் கொள்கைக்கே மாறானதாகத் தோன்றும். சோரன்சன் ஸ்பார்க் என்னும் சுருக்கும் முறையை அவர்கள் தெரிந்தெடுத்தனர். அதைவிடத் தெளிவான காட்சியைத் தரும் முறைகள் வேறிடங்களில் இருந்தன. ஆயினும், ஒளிக்காட்சியைக் காண அதுவரை மக்கள் பட்ட பாட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தளத்துக்கு ரியல் பிளேயர் வேண்டும். மற்றொன்றுக்கு விண்டோஸ் மீடியா வேண்டும். இன்னொன்றுக்குக் குயிக்டைம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு செருகி. பிளாஷோ ஏற்கெனவே பெரும்பாலான கணினிகளில் குடியிருந்தது. குறைந்த தெளிவுடைய காட்சியேனும், எவர் வீட்டிலும் வேறெதனையும் வேண்டாமல் ஓடும்.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2005 இல் யூடியூப் தோன்றிற்று. தன்னிடம் வரும் காட்சிகளையெல்லாம் பிளாஷுக்குரிய அந்த வடிவத்துக்கு மாற்றி, பக்கத்தின் நடுவிலேயே ஓடச் செய்தது. படம் மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் எவர் சொடுக்கினும் ஓடிற்று. 2002 இல் ஒளிக்காட்சியைச் சேர்க்க முடிவெடுத்தவர்கள் யூடியூப்பைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். வெளியீட்டில் எதனைச் சேர்ப்பது என்று முடிவெடுப்போருக்கு இதனை விடப் பெரிய வெற்றி இருக்க முடியாது.

அதே வெளியீட்டில் வந்த மற்றொரு வசதியின் கதை வேறு. சிறு குறிப்புகளைக் கணினியில் எழுதி வைக்கும் வசதி என்றேன் அல்லவா? விளையாடும் சிறுவன் எந்தக் கட்டத்தில் நிறுத்தினான் என்பதை நினைவில் வைப்பதற்கு அது உதவும். விளம்பரக்காரர் அதற்கு வேறு பயனைக் கண்டனர். பார்ப்பவர் எங்கெங்கே சென்று வருகிறார் என்பதைக் கண்காணிக்க அதனைக் கையாண்டனர். உலாவியில் உள்ள குறிப்புகளை மக்கள் அழித்துவிட்டாலும், பிளாஷ் எழுதி வைத்தவை அழியாமல் நின்றன. 2009 இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்துப் பேர்க்லி ஆய்வாளர், அதிகம் பார்க்கப்பட்ட 100 தளங்களை ஆராய்ந்து, அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை இவ்வாறான குறிப்புகளை எழுதி வைப்பதைக் கண்டனர். அழித்த குறிப்புகளை இவற்றைக் கொண்டு மீண்டும் உயிர்ப்பித்த தளங்களும் இருந்தன.

தமிழ் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அக்காலத்தில் இலங்கையில் தமிழைத் தட்டச்சுச் செய்தவர்கள் பெரும்பாலும் பாமினி என்னும் எழுத்துருவையே பயன்படுத்தினர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கும். பிளாஷில் இத்துன்பம் இருக்கவில்லை. எழுத்துகளின் வடிவத்தையும் கோடாகவும் வளைவாகவும் மாற்றிப் படத்தோடு சேர்த்து அனுப்பும் வசதி அதிலிருந்தது. ஆசிரியை எழுதியது எழுதியபடியே எங்கும் தெரியும். ஆனால் யுனிகோட் தமிழைச் சேர்த்தனுப்பினால், ‘கெ’ என்பதில் கொம்பு முன்னே வராமல் பின்னே நின்று நகைப்புக்கிடமாகும். இந்திய எழுத்துகள் போன்று இடம் மாறி அமையும் எழுத்துகளைச் சரிவர அடுக்கும் பகுதி, 2008 இல் வந்த பத்தாம் வெளியீட்டிலேதான் சேர்ந்தது. யுனிகோட் வந்து ஆறு ஆண்டுகள்! இது எவருடைய பகையினாலும் நேர்ந்ததன்று. வரிசையில் நிற்கும் வசதிகளுள், தொகையாலும் பணத்தாலும் குறைந்தோருக்கு வேண்டியது பின்னே நிற்கின்றது. எங்கள் ஆசிரியை அதனால் பாமினியையே நம்பினார்.

இனி, பிளாஷின் வீழ்ச்சிக்கு வருவோம். ஒரு முறை சேர்த்த வசதியை மீண்டும் எடுக்க முடியாது என்பதே அதன் பெருந்தொல்லை. 1997 இல் ஒருவர் ஆக்கிய படம் 2007 இலும் ஓட வேண்டும். 2006 ஆம் ஆண்டில் ஒன்பதாம் வெளியீடு வந்தபோது, பழைய கணக்கிடும் பொறி வேகம் போதாது என்று கண்டு, முற்றிலும் புதிதான பொறியை எழுதினர். அதற்காகப் பழையதை நீக்கினார்களா? இல்லை. பழைய படங்களுக்குப் பழைய பொறி, புதிய படங்களுக்குப் புதிய பொறி என்று இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்தனர். எங்கள் ஆசிரியையைப் போன்ற ஆயிரமாயிரம் பேருடைய உழைப்பை மதித்த செயல் அது. அதனை நான் குறை கூற மாட்டேன். ஆயினும் கதவுகள் பெருகப் பெருகக் கள்வர் நுழையும் வழியும் பெருகிற்று. பிளாஷின் பாதுகாப்புக் குறைகளைத் திருத்தும் அவசரத் திருத்தங்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. 2015 ஆம் ஆண்டு யூலையில், உளவு மென்பொருள் விற்கும் இத்தாலிய நிறுவனம் ஒன்றின் கோப்புகள் வெளியே கசிந்தபோது, அதுவரை எவரும் அறியாத பிளாஷின் குறைகள் அவற்றிலே காணப்பட்டன. பயர்பொக்ஸ் உலாவி சில நாள்களுக்குப் பிளாஷையே தடுத்து வைத்தது.

அதற்கு முன்னரே அடி விழுந்துவிட்டது. 2007 இல் வெளிவந்த அப்பிள் நிறுவனத்தின் ஐபோன், பிளாஷை ஏற்கவில்லை. 2010 ஆம் ஆண்டு ஏப்பிரலில், அப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் அதற்கான காரணங்களை விளக்கிப் பகிரங்கக் கடிதம் ஒன்றை எழுதினார். பாதுகாப்பு, மின்கலத்தின் ஆயுள், ஒரே நிறுவனத்தின் பிடியில் இருக்கும் தன்மை என்பன அவர் கூறியவற்றுட் சில. என் சிந்தையைக் கவர்ந்தது விரலைப் பற்றிய காரணம். சுட்டி ஒரு படத்தின் மீது வந்து நின்றால் ஒன்று நிகழும். அழுத்தினால் மற்றொன்று நிகழும். பிளாஷ் படங்கள் பலவும் இந்த வேறுபாட்டின் மீது கட்டப்பட்டவை. விரலோ திரையைத் தொட்டால் தொட்டதுதான். மேலே வந்து நிற்பது என்பது அதற்கு இல்லை. பொத்தான்களை அமைத்தவர்கள் மேசையில் இருக்கும் கணினியை எண்ணி எடுத்த முடிவு, சட்டைப் பையில் இருக்கும் கணினி வந்தபோது பாரமாயிற்று. ஜொப்ஸ் தம் வணிக நலனையும் மனத்திற் கொண்டே எழுதினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் விரலைப் பற்றி அவர் சொன்னது சரியே. 2011 நவம்பரில், கைத்தொலைபேசிகளின் உலாவிகளுக்குப் பிளாஷை ஆக்கும் முயற்சியை அடோபி கைவிட்டது.

ஒரே நிறுவனத்தின் பிடி என்ற குற்றச்சாட்டும் பொய்யன்று. பிளாஷ் கோப்பின் அமைப்பு விவரங்கள் 1998 இலேயே வெளியிடப்பட்டன. ஆனால் அவற்றைப் படிப்பவர் தாமே ஒரு காட்டும் கருவியை எழுதலாகாது என்று உரிமம் தடுத்தது. 2008 ஆம் ஆண்டு மே மாதத்திலேயே அத்தடை நீங்கிற்று. பத்து ஆண்டுகள் தாமதம். சேர்க்காமல் விட்டவற்றுள் மிகப் பெரிய பிழை இதுவே என்பேன். பிறர் எழுதிய கருவிகளும் ஆரம்பத்திலிருந்தே இருந்திருப்பின், ஒரு நிறுவனத்தின் அறிவிப்போடு எல்லோருடைய ஆக்கங்களும் முடங்கியிரா.

இதற்கிடையில் உலாவிகளே ஒளிக்காட்சியையும் அசைவையும் தமக்குள் ஏற்றுக்கொள்ளத் தொடங்கின. எச்டிஎம்எல்5 என்னும் பொது நியமம் அதற்கு வழிவகுத்தது. அங்கேயும் இதே சச்சரவுதான்! எந்த முறையில் சுருக்கிய ஒளிக்காட்சியை எல்லா உலாவிகளும் ஏற்க வேண்டும் என்பதில் பெரும் நிறுவனங்கள் ஒத்துப்போகவில்லை. உரிமக் கட்டணமில்லாத ஒரு முறையை வரைவில் முதலில் குறித்திருந்தனர். 2007 டிசம்பரில் அந்த வரியை நீக்கினர். 2014 இல் நியமம் நிறைவெய்தியபோது, எந்த முறை என்பதைக் கூறாமலே அது வெளிவந்தது. 2015 ஜனவரியில் யூடியூப் பிளாஷை விட்டுப் புதிய வழிக்கு மாறிற்று.

2017 ஆம் ஆண்டு யூலையில் அடோபி முடிவை அறிவித்தது. 2020 டிசம்பர் 31 ஆம் திகதியோடு ஆதரவு நிற்கும் என்றது. 2021 ஜனவரி 12 முதல், காட்டும் கருவி தன்னுள்ளே வைத்திருந்த தடையின்படி, படங்களைக் காட்ட மறுத்தது. கடைசி வெளியீடுகளில் சேர்க்கப்பட்ட புதிய வசதி அந்தத் தடையே. மூன்றரை ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள் என்பது உண்மை. அந்த அறிவிப்பு எங்கள் ஊர்ப் பாடசாலைகளின் காதுகளை எட்டவில்லை என்பதும் உண்மை.

ஆசிரியையின் பாடம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பிளாஷ் படங்களை அதன் உதவியின்றியே திறக்கும் ரஃபிள் என்னும் மென்பொருளைத் தொண்டர்கள் சிலர் எழுதி வந்தனர். 2020 நவம்பரில், அமெரிக்காவின் இணைய ஆவணகம் அதனைக் கொண்டு பழைய பிளாஷ் ஆக்கங்களைக் காட்டத் தொடங்கிற்று. ஆரம்பத்தில், 2006 இன் புதிய பொறிக்காக எழுதப்பட்டவற்றை ரஃபிளால் திறக்க இயலவில்லை. பழைய பொறிக்கு எழுதப்பட்டவற்றையே திறந்தது. எங்கள் ஆசிரியை புதிய முறையைக் கற்க நேரமின்றிப் பழைய முறையிலேயே எழுதியிருந்தார். முன்னர் அதற்காக அவர் வெட்கப்பட்டதுண்டு.

எங்கள் பழைய மாணவன் ஒருவன் விடுமுறைக்கு வந்திருந்தபோது ரஃபிளைப் பொருத்திக் கொடுத்தான். கணினி அறையில் நாங்கள் மூவரும் நின்று பார்த்தோம். நீலக் குருதி வலது சோணையறைக்குள் வந்தது, இறங்கிற்று, நுரையீரலுக்குச் சென்று சிவந்து திரும்பிற்று. ஆசிரியை சுட்டியை மெல்ல நகர்த்தினார். ‘இடது இதயவறை’ என்ற பாமினி எழுத்துகள் அவர் வைத்த இடத்திலேயே தோன்றின. “இதில் ஓர் அம்புக்குறி பிழையான பக்கம் பார்க்கிறது, சேர். இத்தனை வருடமும் நான் கவனிக்கவில்லை” என்றார்.